பாந்தியன் மாளிகையின் வேஷமும் நம் மேல் சட்டையும்

திருத்தணியில் ரயில் ஏறி அரக்கோணம் வழியாகச் சென்னைக்குப் போனால் எழும்பூர் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுப் பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்பிவிடலாம். நம் பக்கத்துப் பெரியவர்கள் அதைச் ‘செத்த காலேஜ்’ என்பார்கள். மிருகக்காட்சி சாலை ‘உயிர் காலேஜ்’. செத்த காலேஜுக்குப் போகிற நம் பிள்ளைகள் திமிங்கில எலும்பையும் அமராவதிச் சிற்பத்தையும் பார்க்கிறார்கள். அந்த மண்ணில் ஒரு காலத்தில் மாலை விருந்தும் நடனமும் நடந்த கதையை யாரும் சொல்வதில்லை.

1778இல் ஹால் பிளம்மர் என்ற கம்பெனி அதிகாரிக்கு எழும்பூரில் 43 ஏக்கர் நிலம் கொடுக்கப்பட்டது. 1793இல் அவர் அதை 24 பேர் கொண்ட ஒரு குழுவிடம் ஒப்படைத்தார். சென்னை வெள்ளையர்களின் பொழுதுபோக்குகளை நடத்துவதுதான் அந்தக் குழுவின் வேலை. நடனம், விருந்து, நாடகம் எல்லாம் அங்கே நடந்தன. மாளிகையின் பெயர் பாந்தியன். இன்றைய பாந்தியன் சாலைக்கு அந்தப் பெயர் அதிலிருந்துதான் வந்தது. லண்டனிலும் இதே பெயரில் ஒரு மண்டபம் 1772இல் திறக்கப்பட்டது. முகமூடி அணிந்து, மாறுவேஷம் பூண்டு ஆடும் இரவு விருந்துகளுக்கு அது பேர் போனது. சென்னை பாந்தியன் 1821இல் மூராட் என்ற ஆர்மீனிய வணிகருக்கு விற்கப்பட்டது. 1830இல் அரசாங்கம் அதைத் திரும்ப வாங்கியது. 1854இல் அருங்காட்சியகம் அங்கே குடியேறியது. நவீன ஓவியங்களுக்கான கூடமும் இன்று அதே வளாகத்தில்தான் இருக்கிறது.

விருந்துக்கு வந்தவர்களின் பெயர்கள் வரலாற்றில் இருக்கின்றன. சமைத்தவர்கள், பரிமாறியவர்கள், வெளியே குதிரையைப் பிடித்துக்கொண்டு விடிய விடிய நின்றவர்கள் யார்? அந்தக் காலத்துச் சென்னையில் வெள்ளையர் வீடுகளில் சமையல்காரர், பட்லர், குதிரைக்காரர் வேலைகளில் பறையர் சமூகத்தவர் கணிசமாக இருந்தார்கள். அவர்களைப் படிப்பில்லாத வேலைக்காரர் கூட்டம் என்று நினைத்துவிடக் கூடாது. ஹாரிங்டன் துரையிடம் பட்லராக இருந்த தம் பாட்டனார் கந்தப்பன் வழியாகத்தான் திருக்குறள் ஓலைச்சுவடி எல்லிஸ் துரையின் கைக்குப் போனது என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியிருக்கிறார். துரை வீட்டு அடுப்படிக்குப் பக்கத்தில் குறள் இருந்தது. எந்த அருங்காட்சியகப் பலகையில் இது எழுதப்பட்டிருக்கிறது?

அதே காலத்தில் நம் உடுப்பும் விலைக்குப் போனது. ஒவ்வொரு சாதியையும் ஒரு ஆண், ஒரு பெண் என ஜோடியாக, அவரவர் உடையோடும் தொழில் கருவியோடும் வரைந்து தொகுப்பாக்கி வெள்ளையர்களுக்கு விற்றார்கள். கம்பெனி பாணி ஓவியங்கள் என்று இன்று அவற்றைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். அவர்கள் இரவில் விரும்பிய வேஷத்தைப் போட்டுக் காலையில் கழற்றிவிடலாம். அந்த ஓவியத்தில் நிற்கிற நம் பாட்டன் தன் உடையைக் கழற்ற முடியாது. அவனுக்கு அது வேஷமில்லை. சாதி போட்ட சீருடை.

1885இல் எட்கர் தர்ஸ்டன் அருங்காட்சியகத்தின் பொறுப்பாளராக வந்தார். தலையின் நீளம், மூக்கின் அகலம், உயரம் என்று மனிதர்களைக் கருவி வைத்து அளந்தார். சென்னை நகரப் பிராமணர், கம்மாளர், பள்ளி, பறையர் ஆகியோரை அளந்த கணக்கு 1896இல் அருங்காட்சியக வெளியீடாக வந்தது. எழும்பூர் மியூசியம் தியேட்டரும் அதே 1896இல் வந்ததுதான். ஒரே வளாகத்தில் ஒரு பக்கம் மேட்டுக்குடிக்கு நாடக மேடை, இன்னொரு பக்கம் நம் மூக்குக்கு அளவுகோல்.

வெள்ளைக்காரனை மட்டும் திட்டிவிட்டுப் போனால் இந்த வரலாறு பாதியோடு நின்றுவிடும். நம்மை ஒரே உடையில் நிறுத்தி வைத்தது உள்ளூர்ச் சாதி. 1930 டிசம்பரில் இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஆதிதிராவிடர் மேல் எட்டுத் தடைகளை விதித்தார்கள். தங்கம், வெள்ளி நகை கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயும் இடுப்புக்கு மேலேயும் துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடையும் செருப்பும் கூடாது. மீறியவர்களின் குடிசைகளும் தானியமும் கால்நடையும் அழிக்கப்பட்டன. ஹட்டன் இதைத் தன் நூலில் பதிவு செய்திருக்கிறார்.

அதே 1930 டிசம்பரில் லண்டனில் முதல் வட்டமேசை மாநாடு நடந்துகொண்டிருந்தது. அங்கே நம் சார்பில் உட்கார்ந்திருந்தவர்கள் அண்ணல் அம்பேத்கரும் தாத்தா இரட்டைமலை சீனிவாசனும். கோட்டு போடக் கூடாது என்று ஊரில் தடை போட்ட அதே மாதத்தில், கோட்டு போட்ட நம் ஆட்கள் அரசாங்கத்தின் முன்னால் வாக்குரிமை கேட்டார்கள். அண்ணலின் நீலக் கோட்டு சிலையைப் பார்த்து ‘இது என்ன வேஷம்?’ என்று கேலி பேசுகிறவர்கள் இந்த இரண்டு காட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

நம் திருத்தணிக்கு வேஷம் புதிதல்ல. வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வேஷம் போட்டுத்தான் முருகன் குறவர் வளர்த்த வள்ளியை அடைந்தான் என்பது இந்த மலையின் கதை. வள்ளி அப்படி எந்த வேஷமும் போடவில்லை. மேலே இருக்கிறவன் கீழே இறங்க வேஷம் போட்டால் அது லீலை. கீழே இருக்கிறவன் நல்ல சட்டை போட்டால் குற்றம். கோடையில் நம் சுற்று வட்டாரத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவுக்குப் பாரதக் கூத்து கட்டுகிறார்கள். அரிதாரம் பூசி, கட்டை கட்டி, சலங்கையோடு துரியோதனனாக நிற்கிற இரவில் அந்தக் கலைஞன் ராஜா. விடிந்ததும் ‘கூத்தாடிப் பய’. இந்த வேஷத்தைக் கலை என்று சொல்லவே நகரத்துக்கு வெகுகாலம் ஆனது.

பாந்தியன் மாளிகையை இடிக்கச் சொல்லவில்லை. விருந்து நடந்த இடம் என்று எழுதினால் பரிமாறியவர்கள் யார் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். தர்ஸ்டனின் ஏழு தொகுதிகளைப் போற்றினால், அளக்கப்பட்டவர்கள் யார் என்பதையும் எழுதுங்கள். சாதி ஓவியங்களைத் தொங்கவிட்டால் பக்கத்திலேயே அந்த எட்டுத் தடைகளையும் தொங்கவிடுங்கள். திருத்தணியிலிருந்து போகிற நம் பிள்ளை தன் சட்டைப் பொத்தானைத் தொட்டுப் பார்த்து, இது எவ்வளவு பெரிய சண்டையில் கிடைத்தது என்று தெரிந்துகொண்டு வெளியே வர வேண்டும்.

ஜெய் பீம்.