நான்கு கோடி பவுண்டு வாக்குறுதி

2010 மார்ச், பஹ்ரைன். ஃபார்முலா ஒன் பருவத்தின் முதல் பந்தயம். சென்னையைச் சேர்ந்த கருண் சந்தோக் ஓட்ட வேண்டிய கார் வெள்ளிக்கிழமை கேரேஜை விட்டு வெளியே வரவில்லை. சனிக்கிழமை காலைப் பயிற்சிக்கும் வரவில்லை. ஹிஸ்பானியா அணியின் மெக்கானிக்குகள் அதைப் பூட்டி முடிக்கவே இல்லை. அன்று பிற்பகல் தகுதிச் சுற்றில்தான் அந்தக் காரின் சக்கரங்கள் முதன்முதலாக ஓடுபாதையைத் தொட்டன. முதலிடம் பிடித்தவரைவிடப் பத்து விநாடிக்கும் மேல் பின்தங்கினார் கருண். மறுநாள் பந்தயத்தின் இரண்டாம் சுற்றிலேயே கார் மோதி நின்றுவிட்டது.

தயாராகாமல் வந்த அணி என்று பலரும் கேலி பேசினார்கள். அது நியாயமில்லை. அந்த அணி ஒரு வாக்குறுதியை நம்பி வந்தது.

சின்ன அணிகளை ஒரு காலத்தில் வாழவைத்தது எஞ்சின்தான். ஃபோர்டு நிறுவனம் 1 லட்சம் பவுண்டு கொடுக்க, காஸ்வொர்த்தின் கீத் டக்வொர்த் வடிவமைத்த டிஎஃப்வி எஞ்சின் 1967இல் ஸான்ட்ஃபோர்ட்டில் தன் முதல் பந்தயத்திலேயே ஜிம் கிளார்க்கின் லோட்டஸுக்கு வெற்றி தேடித் தந்தது. இதை லோட்டஸ் மட்டுமே வைத்திருந்தால் எதிரில் நிற்க ஆளிருக்காது என்பது ஃபோர்டுக்குப் புரிந்தது. அடுத்த ஆண்டிலிருந்து மற்றவர்களுக்கும் விற்றார்கள். விலை 7,500 பவுண்டு. எஞ்சினைக் காசு கொடுத்து வாங்கலாம், கியர்பாக்ஸை ஹியூலண்டிடம் வாங்கலாம்; மிச்சத்தைச் சொந்தப் பட்டறையில் செய்துகொள்ளலாம். மர வியாபாரி கென் டிரெல் இங்கிலாந்தின் சர்ரே பகுதியில் தன் மரக்கிடங்குக் கொட்டகையிலிருந்தே அணியை நடத்தி, 1971இல் தன் பெயர் தாங்கிய காருக்கே உலகப் பட்டம் வாங்கினார். இன்றைக்கு நினைத்தாலும் சிலிர்க்கும் சாதனை அது. டிஎஃப்வி குடும்பத்து எஞ்சின்கள் 155 பந்தயங்களை வென்றன. கடைசி வெற்றி 1983இல் டெட்ராய்டில், அதுவும் டிரெல் காரில்.

அதற்குள் காலம் மாறிவிட்டது. ரெனோ 1977இல் டர்போவோடு நுழைந்தது. பெரிய கார் கம்பெனிகள் வரிசையாக வந்தன, செலவு ஏறியது. இத்தாலியின் ஃபயன்ஸா ஊரிலிருந்து வந்த மினார்டி அணி 1985 முதல் 2005 வரை 340 பந்தயங்கள் ஓடிச் சேர்த்த புள்ளிகள் 38 மட்டுமே. ப்ரோஸ்ட், ஆரோஸ் அணிகள் 2002இல் மூடப்பட்டன.

2008 டிசம்பரில் உலகப் பொருளாதாரச் சரிவுக்கு நடுவே ஹோண்டா விலகியது. மற்ற கம்பெனிகளும் ஓடிவிட்டால் யாரை வைத்துப் பந்தயம் நடத்துவது என்ற கவலை, பந்தய விதிகளை வகுக்கும் எஃப்ஐஏ அமைப்பின் தலைவர் மேக்ஸ் மோஸ்லியைப் பிடித்தது. 2010 முதல் ஆண்டுக்கு 4 கோடி பவுண்டு என்று செலவுக்கு வரம்பு வைத்தார். ஏற்றுக்கொள்ளும் அணிகளுக்குத் தொழில்நுட்பச் சலுகைகள் உண்டு என்றார். ஃபெராரி கொதித்தது, பிரான்சில் நீதிமன்றம்வரை போனது. 2009 ஜூன் மாதம் எட்டு அணிகள் தனிப் போட்டித் தொடர் நடத்தப்போவதாக அறிவித்தன. சில நாட்களில் மோஸ்லி இறங்கிவந்தார். வரம்பு போயிற்று, செலவைத் தாங்களாகவே குறைத்துக்கொள்வதாகப் பெரிய அணிகள் ஒப்புக்கொண்டன.

ஆனால் வரம்பை நம்பி விண்ணப்பித்தவர்களுக்கு அதற்குள் இடம் கொடுத்தாகிவிட்டது. யுஎஸ்எஃப்1 அணி ஓடுபாதைக்கே வரவில்லை. ஹிஸ்பானியாவும் விர்ஜினும், பிறகு சேர்ந்த மலேசியத் தொழிலதிபர் டோனி ஃபெர்னாண்டஸின் லோட்டஸும் 4 கோடிக் கணக்கோடு பல மடங்கு செலவழிப்பவர்களின் நடுவே வந்து நின்றன.

கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஹிஸ்பானியாவுக்கு ஓட்டிய 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் மெல்போர்னில் அணியின் எந்தக் காரும் பந்தயத்துக்குத் தகுதி பெறவில்லை. ஓட்டுநரின் திறமையால் ஈடுகட்டக்கூடிய இடைவெளி அல்ல அது. 2012 முடிவில் அணி மூடப்பட்டது. கேட்டர்ஹாம் என்று பெயர் மாறியிருந்த ஃபெர்னாண்டஸின் பழைய அணி, 2014இல் ரசிகர்களிடம் பணம் திரட்டித்தான் கடைசிப் பந்தயத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

விர்ஜினாகத் தொடங்கி மருஸியாவாகி, பின் மேனராக மாறிய அணியின் கதைதான் நெஞ்சைப் பிசைவது. 2014இல் மொனாகோவில் ஜூல்ஸ் பியான்கி ஒன்பதாவதாக வந்து அணிக்கு 2 புள்ளிகள் வாங்கித் தந்தார். அவை கொண்டுவந்த பரிசுப் பணம் அணிக்கு உயிர் கொடுத்தது. அதே ஆண்டு சுஸுகாவில் விபத்துக்குள்ளான பியான்கி மீளவே இல்லை. 2016இல் 1 புள்ளியோடு மேனர் பத்தாவது இடத்தில் இருந்தது. பிரேசில் மழையில் சாபர் அணியின் ஃபெலிபே நாஸர் ஒன்பதாவதாக வர, அந்த இடம் பறிபோயிற்று. பரிசுப் பணமும் கைநழுவியது. அடுத்த பருவம் தொடங்குமுன் மேனர் இல்லை. பெரிய அணிகள் ஆண்டுக்கு 30 கோடி டாலருக்கு மேல் செலவழித்த காலத்தில், ஒரு புள்ளி வித்தியாசம் ஓர் அணியின் ஆயுளைத் தீர்மானித்தது.

கடைசியில் வரம்பு எப்படித்தான் வந்தது? 2021 முதல் 17.5 கோடி டாலர் என்று 2019இலேயே முடிவாகியிருந்தது. கொரோனா வந்து பந்தயங்கள் நின்றபோது, மெக்லாரன் போன்ற பெயர்பெற்ற அணியே கடன் தேடி அலைந்தது. இன்னும் குறைக்க வேண்டும் என்று மெக்லாரன் கேட்டது, ஃபெராரி தயங்கியது. 2021க்கு 14.5 கோடி, பிறகு 14, அதற்குப் பின் 13.5 கோடி என்று 2020 மே மாதம் முடிவானது. ஓட்டுநர் சம்பளமும், அதிகச் சம்பளம் வாங்கும் மூன்று பேரின் ஊதியமும், விளம்பரச் செலவும் இந்தக் கணக்கில் சேராது. காற்றுச் சுரங்கச் சோதனைக்கும் படிநிலை வைத்தார்கள்: முந்திய அணிக்குக் குறைந்த நேரம், பிந்திய அணிக்குக் கூடுதல் நேரம். ஹிஸ்பானியா காலத்தில் அழிவு சின்ன அணிகளோடு நின்றது. இந்த முறை பயம் பெரியவர்களையும் தொட்டது. அதனால்தான் கையெழுத்து விழுந்தது.

இம்முறை தணிக்கையும் தண்டனையும் இருந்தன. 2021இல் ரெட்புல் 18 லட்சம் பவுண்டுக்கும் சற்று மேல் கூடுதலாகச் செலவழித்தது தெரியவந்தது. சாப்பாட்டுச் செலவுகூட விசாரணையில் அலசப்பட்டது. 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றியல் சோதனையில் 10 சதவீத வெட்டும் விழுந்தன. அந்த ஆண்டு ஓட்டுநர் பட்டம் கடைசிப் பந்தயத்தின் கடைசிச் சுற்றில் முடிவானதை நினைத்தால், பலருக்கு இது போதாத தண்டனையாகவே பட்டது. ஆனாலும் வரம்பு வேலை செய்தது. மெர்சிடிஸிடம் விலைக்கு எஞ்சின் வாங்கிய மெக்லாரன், 2024இல் அதே மெர்சிடிஸையும் முந்தி அணிகளுக்கான பட்டத்தை வென்றது. 1998க்குப் பிறகு அதற்குக் கிடைத்த முதல் அணிப் பட்டம் அது.

உள்ளே இருந்த பத்து அணிகளும் காப்பாற்றப்பட்டன. வெளியே இருந்தவர்களுக்குக் கதவு கனமாயிற்று. புதிதாக வரும் அணி, பழைய அணிகளின் பரிசுப் பங்கு குறைவதற்கு ஈடாக 20 கோடி டாலர் கட்ட வேண்டும் என்று 2020 ஒப்பந்தத்தில் எழுதினார்கள். அமெரிக்காவின் ஆண்ட்ரெட்டி அணியின் விண்ணப்பம் 2024 ஜனவரியில் நிராகரிக்கப்பட்டது. 2026 பருவத்துக்குப் பதினோராவது அணியாக அனுமதி பெற்ற காடிலாக்கின் பின்னால் இருப்பது ஜெனரல் மோட்டார்ஸ்.