பட்டாளத்துக்காரர் ராம்ஜி சக்பால்

எந்தச் சேரிக்குப் போனாலும் ‘பட்டாளத்தார் வீடு’ என்று ஒரு வீட்டைக் காட்டுவாங்க. சுவரில் உடுப்போடு ஒரு போட்டோ, பரண்மேல் பேர் எழுதின டிரங்குப் பெட்டி. பெரும்பாலும் அந்த வீட்டுப் பிள்ளைதான் சேரியிலிருந்து முதலில் பள்ளிக்கூடம் போயிருக்கும். அண்ணல் அம்பேத்கர் பிறந்ததும் அப்படியொரு வீட்டில்தான். தகப்பனார் ராம்ஜி சக்பாலை நாம் பெரும்பாலும் ‘அம்பேத்கரின் தந்தை’ என்று ஒரு வரியில் தாண்டிப் போய்விடுகிறோம். அவர் தன்னளவில் யார்?

ரத்னகிரி மாவட்டத்து அம்பவாடே அவருக்குப் பூர்வீகம். மகார் சாதிக்கு ஊர் விதித்த வேலைகள் நமக்குத் தெரிந்தவைதான். செத்த மாட்டை இழுக்கணும், கூப்பிட்ட குரலுக்கு ஓடணும். கம்பெனி ஆட்சிக் காலத்திலேயே இந்தக் குடும்பம் அதை உதறிவிட்டுப் பட்டாளத்துக்குப் போனது. ராம்ஜியின் அப்பா மாலோஜியும் சிப்பாய். மனைவி பீமாபாயும் முர்பாத்காரர் என்ற பட்டாளத்துக் குடும்பத்துப் பெண். 1818 சனவரி 1இல் கோரேகானில் பேஷ்வா படையை எதிர்த்து நின்ற படையிலும் மகார்கள் இருந்தார்கள். அங்குள்ள தூணில் மகார் பேர்கள் 22. ‘வெள்ளைக்காரனுக்குச் சேவகம் பண்ணினவங்க’ என்று இதைச் சொல்லிக்காட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். பேஷ்வா ராச்சியம் மகாருக்கு என்ன கொடுத்தது என்பதை மட்டும் அவர்கள் பேசுவதில்லை.

பட்டாளம் துப்பாக்கியோடு எழுத்தையும் கொடுத்தது. சிப்பாய்களுக்கும் அவர்கள் பிள்ளைகளுக்கும், பெண்பிள்ளைகள் உட்பட, படிப்பு கட்டாயம் என்ற ஏற்பாடு அங்கே இருந்தது. அதில் படித்து ஆளான ராம்ஜி, சுபேதாராக உயர்ந்ததோடு ராணுவப் பள்ளியில் 14 ஆண்டுகள் தலைமையாசிரியராகவும் இருந்தார். ஊரில் பள்ளித் திண்ணையை மிதிக்கக்கூடாத சாதிக்காரர் இங்கே வாத்தியார்! மாவ் கண்டோன்மெண்டில் இருந்தபோதுதான் 1891 ஏப்ரல் 14இல் பதினான்காவது பிள்ளையாக பீமராவ் பிறந்தார்.

அடுத்த வருசமே கதவு சாத்தப்பட்டது. மகார்களைப் படையில் சேர்க்கக்கூடாதென்று 1892இல் ஆணை. ‘வீர இனம்’, ‘வீரமில்லாத இனம்’ என்று அதிகாரிகள் சாதிக்குச் சாதி கோடு போட்ட காலம் அது. அதே கோட்பாட்டால்தான் நம் சென்னைப் படையின் காலாட் பிரிவுகளும் குறைக்கப்பட்டன. தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்தினவனை ஒரு காகிதத்தில் கோழையாக்க முடிந்தது. ராம்ஜி சும்மா இருக்கவில்லை. நீதிபதி ரானடேயிடம் போய் அந்த ஆணையை எதிர்த்து மனு எழுதி வாங்கினார். ஓய்வுபெற்ற ஹவில்தார் கோபால் பாபா வலங்கர் 1894இல் இன்னொரு மனு போட்டார். ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் மகாராட்டிர தலித் இயக்கத்தின் முதல் வரிசையில் நின்றவர்களில் இந்தப் பட்டாளத்துப் பென்சன்காரர்களும் உண்டு என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஓய்வுக்குப் பிறகு தபோலி, அங்கிருந்து சாத்தாரா. உடுப்பைக் கழற்றினதும் சாதி திரும்ப வந்து ஒட்டிக்கொண்டது. சாத்தாராவில் சவரத் தொழிலாளிகளுக்குக் குறைவில்லை. சுபேதார் வீட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அக்காதான் முடி வெட்டிவிட வேண்டும். பீமாபாயும் அங்கேதான் இறந்துபோனார். 1901இல் ராம்ஜி கோரேகானில் (இது கட்டாவ் தாலுகா கோரேகான், தூண் இருக்கிற ஊரல்ல) பஞ்ச நிவாரணக் குளம் வெட்டும் வேலையில் காசாளர். விடுமுறைக்கு அப்பாவைப் பார்க்கப் இங்கிலீசுப் புதுச்சட்டையும் சரிகைத் தொப்பியும் புதுப் பூட்சுமாகப் பிள்ளைகள் மசூர் ஸ்டேசனில் இறங்கினார்கள். கடிதம் கைக்கு வராததால் அப்பா ஆள் அனுப்பவில்லை. மகார் என்று தெரிந்ததும் வண்டிக்காரர்கள் மறுத்தார்கள். இரட்டைக் கூலிக்கு ஒருவன் வந்தான், அதுவும் பிள்ளைகளே மாட்டை ஓட்டணும் என்ற நிபந்தனையோடு. ராத்திரி முழுக்கக் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவில்லை. அம்பேத்கரே எழுதிவைத்த சம்பவம் இது. சுபேதார் பதவி பிள்ளைகளுக்குப் பூட்சு வாங்கிக் கொடுத்தது, ஒரு செம்புத் தண்ணீர் வாங்கித் தர முடியவில்லை.

ராம்ஜி கபீர்பந்தி. வீட்டில் கண்டிப்பு அதிகம். ராமாயண பாரதம் படிக்கச் சொல்லி வற்புறுத்தியிருக்கிறார், மகன் எதிர்த்துக் கேட்டிருக்கிறார். துரோணனும் கர்ணனும் எங்கிருந்து எங்கே போனார்கள் பார், தாழ்வுணர்ச்சி போகணும் என்பது அப்பாவின் நியாயம். இந்த நியாயத்தில் எனக்கு உடன்பாடில்லை. கர்ணனுக்குக் கடைசியில் என்ன நடந்தது என்பதும் அந்தக் கதையிலேதான் இருக்கிறது. ஆனால் அந்த மனுசரின் தவிப்பு புரிகிறது.

பம்பாயில் பரேல் பக்கம் சால் வீடு, ஒரே அறை. மகன் படிக்க வேண்டுமென்று ராம்ஜி விழித்திருந்து ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பிவிடுவார். புத்தகம் வாங்கக் காசில்லை என்றால் கட்டிக்கொடுத்த மகள் வீட்டுக்குப் போய் நகையைக் கேட்டு வாங்கி அடகு வைப்பார், பென்சன் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். இந்தப் படிப்புக்காகப் பெரியவன் ஆனந்தராவின் படிப்பு நின்றது. அந்தப் பெண்பிள்ளைகளின் நகையும் ஆனந்தராவின் உழைப்பும் சேர்ந்துதான் அந்த பி.ஏ. பட்டம்.

மகன் பரோடா சமஸ்தான வேலைக்குப் போனதில் ராம்ஜிக்குச் சம்மதமில்லை. போன சில நாளிலேயே அப்பாவுக்கு முடியவில்லை என்று தந்தி. வரும் வழியில் சூரத்தில் அப்பாவுக்கு இனிப்பு வாங்க இறங்கினவர் ரயிலைத் தவறவிட்டார். மறுநாள் வீடு வந்து சேர்ந்தபோது கிழவர் கண்ணைத் திறந்து மகனின் முதுகைத் தடவினார், அவ்வளவுதான். 1913 பிப்ரவரி 2. அவர் எதிர்த்து மனுப்போட்ட அந்த ஆணை அன்றைக்கும் நீங்கியிருக்கவில்லை.