லயத்துக் கொல்லையும் மேட்டுப்பாத்தியும்



வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருவன அரசர்களும் போர்களும் கோட்டைகளுமே. கோலசிலாங்கூரில் வாழும் நமக்கு, மெலாவத்தி குன்றின் மேல் கடலைப் பார்த்தபடி நிற்கும் பழைய பீரங்கிகள் நினைவுக்கு வரும். அந்தக் குன்றுக்கு அப்பால், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை, சுங்கை திங்கி என்று வடக்கேயும் கிழக்கேயும் பரந்து கிடந்த தோட்டங்களில் நம் பாட்டன் பாட்டிமார் வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதன் ஒரு பகுதி லயத்து வீட்டின் பின்புறத்தில், நான்கடி அகலமுள்ள காய்கறிப் பாத்தியில் இருக்கிறது. இன்று அதைத்தான் பார்க்கப் போகிறோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். நமக்குத் 'தோட்டம்' என்றால் ரப்பர்த் தோட்டம், செம்பனைத் தோட்டம். ஆகவே காய்கறி போட்ட இடத்தைக் கொல்லை என்றே இப்பேச்சில் சொல்லுவோம்.

நம் முன்னோர் பெரும்பாலும் திருச்சி, தஞ்சாவூர், சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு, செங்கற்பட்டு போன்ற மாவட்டங்களிலிருந்து வந்தவர்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சிலாங்கூரில் காப்பிப் பயிர் முக்கியமாக இருந்தது. காப்பி விலை வீழ்ந்தபின் ரப்பர் வந்தது. பிறகு செம்பனையும் வந்தது. பத்தாங் பெர்ஜுந்தைக்கு அருகிலுள்ள தென்னமரம் தோட்டத்தில் 1917-ஆம் ஆண்டு ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் செம்பனையை நட்டார். மலேசியாவில் வாணிகத்திற்காகப் போடப்பட்ட முதல் செம்பனைத் தோட்டம் அதுவே. அந்தத் தோட்டத்தின் பெயரிலேயே நம் தமிழ்ச் சொல் நிற்கிறது, பார்த்தீர்களா! இத்தனை பயிர்களும் துரைமார்களுக்கும் கம்பெனிகளுக்கும் உரியவை. அவற்றை நட்டு வளர்த்த கைகள் தமக்கென்று நட்டுக்கொண்டவை வெண்டையும் கத்தரியும் கீரையுமே.

இங்கே ஒரு செய்தியைக் கவனிக்க வேண்டும். ஊரில் நம்மவர்களுக்குப் பாத்தி கட்டத் தெரியும். ஆனால் அந்தப் பாத்தி வேறு, இந்தப் பாத்தி வேறு. தமிழ்நாட்டில் ஆண்டுக்குச் சராசரியாக 950 மில்லிமீட்டர் அளவே மழை பெய்கிறது. அதுவும் சில மாதங்களில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே அங்கே பாத்தி என்பது தாழ்ந்திருக்கும். நான்கு புறமும் வரப்புக் கட்டி, கவலை இறைத்த நீரை ஒரு சொட்டும் வீணாகாமல் உள்ளே தேக்குவார்கள். சிலாங்கூரிலோ ஏறக்குறைய அதைப்போல இரு மடங்கு மழை. கோலசிலாங்கூர்க் கரையோர நிலம் தாழ்ந்த களிமண். உட்பகுதியில் பல இடங்களில், இலைதழை மட்கிச் சேர்ந்த கருமையான சதுப்பு மண். ஒரு முழம் தோண்டினால் நீர் ஊறும். ஊர்ப் பழக்கத்தில் தாழ்வான பாத்தி போட்டால், ஒரே மழையில் வேர் அழுகிச் செடி மஞ்சளாகிவிடும்.

ஆகவே பாத்தியைத் தலைகீழாக்கினார்கள். வரப்புக் கட்டி நீரைத் தேக்கிய கைகள், இங்கே கான் வெட்டி நீரை வடித்தன. கானில் வெட்டிய மண்ணையே நடுவில் குவித்தால் பாத்தி உயர்ந்தது. ஒரே வேலையில் இரண்டு பயன். மலாய்க்காரர்கள் இதனைப் 'பாத்தாஸ்' என்பார்கள். சீனக் காய்கறிக்காரர்களும் இதே முறையில்தான் பயிரிட்டார்கள். கரையோர நிலம் எல்லோருக்கும் ஒரே பாடத்தைத்தான் சொல்லிக் கொடுத்தது.

அந்தப் பாத்தியின் அளவிலும் ஓர் அறிவு இருந்தது. அகலம் மூன்றடி முதல் நான்கடி வரை. இரு பக்கமும் நின்றால் கை நடுவரைக்கும் எட்ட வேண்டும். மிதித்தால் மண் இறுகிவிடும். ஆதலால் பாத்தியின் மேல் கால் வைப்பதில்லை. உயரம் முக்கால் அடி முதல் ஓரடி. கானையும் மிக ஆழமாக வெட்டக் கூடாது. கரையோரத்தில் பல இடங்களில் அடியில் சாம்பல் நிறக் களிமண் உண்டு. அது நீருக்குள் கிடக்கும்வரை தீங்கில்லை. வெளியே வந்து காற்றுப் பட்டதும் அதிலுள்ள கந்தகம் அமிலமாக மாறி, மண் புளித்துப் போகும், செடி பிழைக்காது. சதுப்பு மண்ணும் இயல்பாகவே புளிப்புடையது. அந்தப் புளிப்பைக் குறைப்பதற்கு விறகடுப்புச் சாம்பல் உதவியது. மாட்டெரு உரமாயிற்று. விஞ்ஞானப் பெயர்களை அறியாதவர்கள் அனுபவத்தால் கண்ட முறை இது.

இந்தக் கொல்லைக்கு நிலம் எங்கிருந்து கிடைத்தது? மலாய்க் கூட்டு மாநிலங்களின் 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், குடும்பத்தோடு வாழும் ஒவ்வொரு தொழிலாளிக்கும் ஓர் ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு என்ற கணக்கில், பயிரிடவும் மாடு மேய்க்கவும் நிலம் ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. அதைக் கணக்கிட்டால் சுமார் 2,720 சதுர அடி. நீளம் 52 அடி, அகலம் 52 அடி. ஆயிரக்கணக்கான ஏக்கர் காட்டை அழித்துத் தோட்டமாக்கியவனுக்குச் சட்டம் அளந்து வைத்த நிலம் இவ்வளவே. அதுவும் அவனுக்குச் சொந்தமன்று. வேலை இருக்கும்வரை பயன்படுத்தலாம். வேலை போனால் பாத்தியும் போகும். சட்டத்தில் உள்ளது எல்லாத் தோட்டங்களிலும் அப்படியே நடந்தது என்றும் கொள்ள முடியாது. ஆயினும் இவ்வளவாவது வேண்டும் என்று ஏட்டில் ஏறியதே ஒரு படிதான்.

சில ஆண்டுகளிலேயே அந்தச் சிறு நிலத்தின் அருமை தெரிந்தது. 1929-ல் உலகெங்கும் பொருளாதார மந்தம் தொடங்கி, ரப்பர் விலை பாதாளத்திற்குப் போயிற்று. 1930-ல் ஆண்களின் நாட்கூலி 50 காசிலிருந்து 40 காசாகக் குறைந்தது. பெண்களின் கூலி 40 காசிலிருந்து 32 காசாயிற்று. பிறகும் அது சரிந்தது. வேலையிழந்த பல்லாயிரக்கணக்கானோர் கப்பலேற்றி ஊருக்கு அனுப்பப்பட்டனர். தங்கியவர்களின் அடுப்பில், சோற்றுக்குப் பக்கத்தில் ஒரு குழம்பும் ஒரு கீரையும் இருந்தன என்றால், அதற்குக் கொல்லையும் ஒரு காரணம்.

இங்கே நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டும். கொல்லைக்கு இரண்டு முகங்கள் உண்டு. குடும்பத்தின் வயிற்றை அது காத்தது. அது ஒரு முகம். காய்கறியைத் தொழிலாளியே விளைவித்துக் கொள்கிறான் என்றால், அதை வாங்கும் அளவுக்குக் கூலி கொடுக்க வேண்டியதில்லை என்று முதலாளி எண்ணவும் அது இடம் கொடுத்தது. இது மற்றொரு முகம். விடியுமுன் பெரட்டில் நின்று, நண்பகல்வரை பால் வெட்டி, மாலையில் கொல்லையில் குனிந்தவர்களின் இரண்டாவது உழைப்புக்கு எந்தச் செக்ரோலிலும் பெயர் பதியவில்லை. அதில் பெரும்பங்கு பெண்களுடையது. ஆகவே கொல்லையைப் புகழும்போது, கூலியின் குறையை மறந்துவிடக் கூடாது. நல்ல கூலிக்கு ஈடாகக் கொல்லை நிற்க முடியாது; கூலியோடு சேர்ந்துதான் அது நிற்க வேண்டும்.

அடுத்து வந்தது இன்னும் கொடிய காலம். 1941 டிசம்பரில் ஜப்பானியர் மலாயாவில் இறங்கினார்கள். ரப்பர் வாங்க ஆளில்லை. நாட்டுக்கு வேண்டிய அரிசியில் பெரும்பகுதி வெளியிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதுவும் அருகிப் போயிற்று. தஞ்சோங் காராங்கில் 1930-களில் தொடங்கிய நெல் வயல்கள் பசித்த நாட்டுக்குப் போதவில்லை. பல்லாயிரம் தமிழர்கள் சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தப் பாதையில் மாண்டவர்களை எண்ணி முடியாது. லயங்களில் எஞ்சியவர்கள் பெண்களும் முதியோரும் பிள்ளைகளும். அவர்களைக் காப்பாற்றியது மரவள்ளிக் கிழங்கு. ஆனால் கிழங்கு வயிற்றை நிரப்புமே அன்றி உடலை வளர்க்காது. அதில் புரதம் மிகக் குறைவு. கிழங்கோடு அதன் கொழுந்திலையும், முருங்கைக் கீரையும், ஒரு பிடி பயறும் சேர்ந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சற்றேனும் தெம்பு இருந்தது. மேட்டுப்பாத்தி உயிர்ப்பாத்தியான காலம் அது.

போர் 1945-ல் முடிந்தது. 1948-ல் அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. தோட்ட மக்கள் பல இடங்களில் கம்பி வேலிக்குள் ஒன்றுசேர்க்கப்பட்டார்கள். காட்டிலிருப்போருக்கு உணவு போகக் கூடாது என்பதற்காக, வேலைக்குப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருக்கிறதா என்றுகூட வாயிலில் சோதனை நடந்தது. முன்பு தன் பசிக்காகப் பயிரிட்ட கிழங்கு, இப்போது சந்தேகத்துக்குரிய பொருளாயிற்று. வேலிக்கு வெளியே இருந்த கொல்லைகள் கைவிடப்பட்டன. வேலிக்குள் வீட்டோரத்தில் கிடைத்த இடத்தில் மறுபடி பாத்தி எழும்பியது.

சுதந்திரத்திற்குப் பின் மற்றுமொரு திருப்பம். 1973-ல் உலகில் எண்ணெய் விலை ஏறியபோது உணவு விலையும் ஏறியது. 1974-ல் பிரதமர் துன் அப்துல் ரசாக் பச்சைப் புத்தகத் திட்டத்தைத் தொடங்கினார். வெறும் நிலம் எங்கிருந்தாலும் காய்கறி போடுங்கள் என்று அரசாங்கமே கேட்டுக்கொண்டது. வீட்டு முற்றத்திலும் பள்ளிக்கூட வளாகத்திலும் பாத்திகள் தோன்றின. நாட்டுக்கு அது புதிய திட்டம். லயத்து மக்களுக்கோ அது ஐம்பது ஆண்டுப் பழக்கம்.

ஆனால் அதே காலத்தில் தோட்டங்கள் மாறிக்கொண்டிருந்தன. ரப்பர் போய்ச் செம்பனை பரவியது. சில தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்டன. அந்தத் துண்டாடலைத் தடுக்கவே துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அமைத்தார்; தொழிலாளர் சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்கலாம் என்று காட்டினார். பின்னர் பல தோட்டங்கள் வீடமைப்புக்கும் தொழிற்சாலைக்கும் இடம் விட்டன. பத்தாங் பெர்ஜுந்தை 2007-ல் பெஸ்தாரி ஜெயா எனப் பெயர் மாறியது. லயத்தை விட்டு வெளியேறிய குடும்பங்கள் அடுக்குமாடி வீட்டுக்கும் வரிசை வீட்டுக்கும் போயின. தட்டுமுட்டுச் சாமான்களை லாரியில் ஏற்ற முடிந்தது. இருபது ஆண்டு எருவிட்டுப் பதப்படுத்திய மண்ணை ஏற்ற முடியுமா? முருங்கை மரத்தை ஏற்ற முடியுமா? மனையில் சொந்தம் இல்லாதவனுக்குப் பாத்தியிலும் சொந்தம் இல்லை என்ற பழைய பாடம் அன்று மீண்டும் உறைத்தது.

ஆயினும் ஒன்றை மட்டும் கொண்டுபோக முடிந்தது. அது விதை. முற்றிய வெண்டையை நாரில் கட்டி அடுப்புக்கு மேல் தொங்கவிடுவதும், பாகல் விதையைச் சாம்பலில் புரட்டிப் பழைய பால் டின்னில் மூடி வைப்பதும், பக்கத்து வீட்டாருக்கு ஒரு பிடி கொடுத்து அவர்களிடமிருந்து வேறொன்று வாங்குவதும் லயத்துப் பெண்களின் பழக்கம். அந்தப் பழக்கம் நிலப் பட்டா கேட்பதில்லை.

2020 மார்ச் 18-ஆம் நாள் தொற்றுநோய் காரணமாக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது இதனை நாம் மறுபடியும் கண்டோம். கடைக்குப் போக வழியில்லாத நாட்களில் அடுக்குமாடித் தாழ்வாரங்களில் பைகளிலும் பழைய பெட்டிகளிலும் கீரை முளைத்தது. மண் இல்லாத இடத்தில் பெட்டிக்குள் மண்ணை உயர்த்தி வைத்தால் அதுவும் மேட்டுப்பாத்திதான். அடியில் துளையிட்டு நீரை வடிய விட வேண்டும் என்பதும் பழைய கானின் பாடமே.

உங்கள் வீட்டில் பாட்டி இருக்கிறாரா? இன்று மாலை அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். கொல்லை லயத்தின் எந்தப் பக்கம் இருந்தது, கான் எவ்வளவு ஆழம், என்னென்ன காய்த்தது, எந்த ஆண்டில் அதைவிட்டு வந்தார்கள் என்று கேட்டு ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பீரங்கிகளைப் பற்றி எழுத அறிஞர் பலர் இருக்கிறார்கள். அந்த 52 அடிச் சதுரத்தைப் பற்றி எழுத நம்மைத் தவிர வேறு ஆளில்லை. எழுதி முடித்ததும் அவரிடம் நாலு விதையும் கேட்டு வாங்கி, ஒரு பெட்டி மண்ணில் ஊன்றிப் பாருங்கள்.