அகற்றுதலும் ஈடுசெய்தலும்: பிட்யூட்டரி நோய்ச் சிகிச்சையின் வரலாறு

மூளையின் அடியில், மூக்கின் பின்புறமாக அமைந்த எலும்புக் குழிக்குள், கொண்டைக்கடலை அளவில், ஏறத்தாழ அரை கிராம் எடையோடு அடங்கியிருக்கும் பிட்யூட்டரி சுரப்பியானது, சரீர வளர்ச்சி, தைராய்டு, அட்ரினல் ஆகிய சுரப்பிகளின் இயக்கம், மாதவிலக்கு, கருத்தரிப்பு, தாய்ப்பால், சிறுநீரின் அளவு ஆகிய இத்தனை காரியங்களையும் ஆண்டுவருகின்றது. அதில் தோன்றும் கட்டிகளிற் பெரும்பாலானவை புற்றுநோயைச் சேர்ந்தவை அல்ல. ஆயினும் அவை ஹார்மோன்களை மிகையாகச் சுரந்தும், நல்ல திசுவை நசுக்கிச் சுரப்பைக் குறைத்தும், மேலே செல்லும் பார்வை நரம்புகளை அழுத்தியும் மனிதனை மெல்ல மெல்ல வேறோர் ஆளாக மாற்றிவிடுகின்றன. இந்நோய்களின் சிகிச்சையில், கட்டியை அகற்றும் கலையும், குறைந்துபோனதை ஈடுசெய்யும் கலையும் வெவ்வேறு வழிகளில் வளர்ந்து, இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒன்று சேர்ந்த பின்னரே, நோயாளி உயிர் பிழைப்பதோடு வாழ்க்கை நடத்தவும் வல்லவரானார் என்பதே இக்கட்டுரையின் துணிபு.

காட்சிப் பொருளும் நோயாளியும்

மூளையில் உண்டாகும் கபம் இச்சுரப்பியின் வழியே மூக்கிற்கு வடிகின்றது என்ற கேலனின் சித்தாந்தம், வெசேலியஸின் காலத்திலும் நிலைபெற்றிருந்து, பதினேழாம் நூற்றாண்டில் ஷ்னைடர், லோயர் என்னும் வைத்தியர்களின் ஆராய்ச்சியால் வீழ்ந்தது. அதன் பின்னர் இரண்டு நூற்றாண்டுக் காலம் இச்சுரப்பிக்கு யாதொரு தொழிலும் கற்பிக்கப்படவில்லை. அக்காலத்தில் இதன் நோயால் வருந்தியவர்களை உலகம் நோயாளிகளாகக் கருதாமல் விநோதங்களாகவே பார்த்தது. அயர்லாந்தில் பிறந்து, 7 அடிக்கு மேல் வளர்ந்து, லண்டனில் கட்டணம் வாங்கிக் காட்டப்பட்ட சார்ல்ஸ் பெர்ன், தம் உடலைக் கடலில் அடக்கம் செய்யவேண்டுமென்று விரும்பியும், 1783-ஆம் ஆண்டில் அவர் இறந்தபோது ஜான் ஹன்டர் என்னும் ரண வைத்தியர் அவ்வுடலைக் கைப்பற்றித் தம் காட்சிச்சாலைக்கு எலும்புக்கூடாக்கிக்கொண்டார். 1909-ஆம் ஆண்டில் அமெரிக்க ரண வைத்தியர் ஹார்வி குஷிங்கும் உடற்கூற்று வல்லுநர் ஆர்தர் கீத்தும் அம்மண்டையோட்டைத் திறந்து, பிட்யூட்டரி தங்கும் குழி பெரிதாக விரிந்திருப்பதைக் கண்டனர். 2011-ஆம் ஆண்டில், அவருடைய பற்களிலிருந்து எடுத்த மரபணு, வட அயர்லாந்தில் இன்று இதே நோயுற்றிருக்கும் சில குடும்பங்களின் மரபணுவோடு ஒத்திருப்பது நிரூபணமாயிற்று. அவ்வெலும்புக்கூட்டை இனிப் பொதுமக்கள் பார்வைக்கு வைப்பதில்லை என்ற முடிவு 2023-இல்தான் அறிவிக்கப்பட்டது. நோயாளியைக் காட்சிப் பொருளாக நடத்திய மனப்பான்மை மறைவதற்கு எத்தனை காலம் பிடித்தது என்பதற்கு இது சான்றாகும்.

பாரிஸில் பியர் மரீ என்பவர், கை, கால், முகம் ஆகியவை பருத்துச் செல்லும் இரு நோயாளிகளை ஆராய்ந்து, 1886-ஆம் ஆண்டில் அக்ரோமெகலி என்னும் ரோகத்தை விவரித்தார். மறு ஆண்டில் மின்கோவ்ஸ்கி இதில் பிட்யூட்டரியின் வீக்கம் தவறாமல் காணப்படுவதைச் சுட்டினார். வீக்கம் நோய்க்குக் காரணமா, விளைவா, மிகையான சுரப்பால் வந்ததா, குறைவால் வந்ததா என்ற வாதம் இருபது ஆண்டுகளுக்கு மேல் நீடித்தது. 1909-ஆம் ஆண்டில் குஷிங் ஒரு நோயாளியின் சுரப்பியில் ஒரு பகுதியை அகற்ற, நோயின் குறிகள் தணிந்தமை, மிகைச் சுரப்பே காரணம் என்ற கட்சிக்கு வலுவளித்தது.

கத்தியின் வழி

இங்கிலாந்தில் விக்டர் ஹார்ஸ்லி 1889-இல் மண்டையோட்டைத் திறந்து இச்சுரப்பியை அணுகினார். இன்ஸ்புரூக் நகரத்து ஷ்லோஃபர், 1907 மார்ச்சில், மூக்கின் வழியாகவே கட்டியை எட்டி முதன்முதலாக ரண சிகிச்சை செய்தார். வியன்னாவில் ஹிர்ஷ் 1910-இல் அம்முறையை எளிதாக்கினார். குஷிங் 1910 முதல் 1925 வரை இவ்வழியில் 231 கட்டிகளுக்குச் சிகிச்சை செய்தபோது மரண விகிதம் 5.6 சதவீதமாக இருந்தது. பென்சிலின் இல்லாத அக்காலத்தில் இது வியக்கத்தக்க சாதனையே. எனினும் குறுகிய வழியில் வெளிச்சம் போதாமையாலும், பார்வை நரம்பைக் கண்ணால் கண்டே விடுவிக்க விரும்பியமையாலும், குஷிங் மண்டையோட்டு வழிக்கே திரும்பிவிட, உலகமும் அவரைப் பின்பற்றியது.

கைவிடப்பட்ட இம்முறை அழியாமல் நின்றது ஒரு குருசிஷ்ய பரம்பரையினால் ஆகும். குஷிங்கிடம் கற்ற நார்மன் டாட் எடின்பரோவில் அதைத் தொடர்ந்து செய்துவந்தார். அவரிடம் கண்டு கற்ற பாரிஸ் நகரத்து கியோ, கருவிகள் செல்லும் திசையை எக்ஸ்-ரே திரையில் காணும் ஏற்பாட்டைச் சேர்த்தார். கியோவிடம் பயின்ற மான்ட்ரியலின் ஜூல் ஹார்டி, 1960-களில் நுண்ணோக்கியைக் கொண்டு, மிகச் சிறிய கட்டியை மட்டும் எடுத்து, நல்ல சுரப்பியை விட்டுவைக்கலாம் என்று காட்டினார். கத்தியின் இலக்கு இங்கேதான் மாறியது. எவ்வளவு எடுக்கலாம் என்பதைக் காட்டிலும், எதை எடுக்காமல் விடலாம் என்ற கேள்வி முதன்மை பெற்றது.

ஈடுசெய்யும் வழி

அந்தக் கேள்வி எழுவதற்கு, சுரப்பி இல்லாவிடில் நேர்வது என்ன என்பதை வைத்தியர்கள் முன்பே கற்றிருக்க வேண்டியிருந்தது. ஹாம்பர்க்கில் சிம்மன்ட்ஸ் 1914-இல், பிரசவத்திற்குப் பின் மெலிந்து தளர்ந்து இறந்த ஒரு பெண்ணின் பிட்யூட்டரி அழிந்திருந்ததை வெளியிட்டார். கிளாஸ்கோவில் ஷீஹன் 1937-இல், பிரசவ காலப் பெருக்கில் இரத்தம் மிகுதியாக இழந்த தாய்மாரிடம், கர்ப்பத்தில் பெருத்திருந்த சுரப்பி இரத்தவோட்டம் குன்றி மடிகின்றது என்ற காரண காரியத்தைத் தெளிவாக்கினார்.

முதலில் பலன் தந்த ஈடு, சுரப்பியின் பின்பகுதிக்குரியது. தீராத தாகத்தோடு நாளெல்லாம் நீர் பிரியும், சர்க்கரை கலவாத நீரிழிவுக்கு, பின்பகுதியின் சாறு மருந்தாகும் என்று 1913-இல் இத்தாலியில் ஃபரீனியும் ஜெர்மனியில் ஃபான் டென் வெல்டனும் தனித்தனியே கண்டனர். பின்னர் அதன் பொடியை நோயாளிகள் மூக்குப்பொடி போல் உறிஞ்சிவந்தனர். 1967-இல் பிராகில் ஆக்கப்பட்ட டெஸ்மோபிரெசின் அவ்வாறு உறிஞ்சும் துன்பத்தை நீக்கியது. முன்பகுதி அழிந்தவர்க்கு உயிர்க்காப்பாக வந்தது கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு ஆகும். கெண்டல், ஹென்ச், ரைக்ஸ்டைன் மூவர்க்கும் 1950-ஆம் ஆண்டின் நோபல் பரிசு இத்துறை ஆராய்ச்சிக்காகவே வழங்கப்பட்டது. ரண சிகிச்சைக்கு முன்னும் பின்னும் ஸ்டீராய்டு கொடுக்க முடிந்தபின்னரே, கத்தியும் துணிவோடு செல்ல வழி பிறந்தது.

வளர்ச்சி ஹார்மோனின் வரலாறு துயரம் கலந்தது. 1958-இல் ரேபன், இறந்தவர்களின் பிட்யூட்டரியிலிருந்து பிரித்த ஹார்மோனால் 17 வயதுச் சிறுவன் ஒருவனை வளரச்செய்தார். ஆயிரக்கணக்கான குழந்தைகள் அவ்வாறே பயனடைந்த பின், அவர்களுட் சிலருக்கு மூளையை அழிக்கும் கிராய்ட்ஸ்ஃபெல்ட்-யாக்கோப் நோய் வந்ததை 1985-இல் அறிந்து, அமெரிக்காவில் அம்மருந்தின் விநியோகம் நிறுத்தப்பட்டது. அவ்வாண்டிலேயே மரபணுத் தொழில்நுட்பத்தால் ஆக்கிய ஹார்மோனுக்கு அங்கே அனுமதி கிடைத்தது.

அளவையும் மருந்தும்

இரத்தத்திலுள்ள ஹார்மோனின் மிக நுண்ணிய அளவைக் கணிக்கும் முறையை யாலோவும் பெர்சனும் வகுத்தனர். 1977-இன் நோபல் பரிசு யாலோவுக்கும், மூளையின் ஹைப்போதாலமஸ் பிட்யூட்டரிக்கு அனுப்பும் ஆணைப்பொருள்களைக் கண்ட கியமன், ஷாலி இருவர்க்கும் கிடைத்தது. 1910-இல் தம்மிடம் வந்த 23 வயதுப் பெண்ணில் தொடங்கி, 12 நோயாளிகளை வைத்து 1932-இல் குஷிங் விவரித்த, அவர் பெயரால் வழங்கும் வியாதியை, இப்போது இரத்தத்திலும் சிறுநீரிலும் அளந்து நிச்சயிக்க முடிந்தது. புரோலாக்டின் என்னும் ஹார்மோன் மனிதரிடம் தனித்தே சுரக்கின்றது என்பது 1970-களின் தொடக்கத்தில் உறுதிப்பட்டது. அதே காலத்தில் வந்த புரோமோகிரிப்டினும், பின் வந்த கேபர்கோலினும் அவ்வகைக் கட்டிகளை மாத்திரையாலேயே சுருக்கி, பால் கசிவை நிறுத்தி, மாதவிலக்கையும் கருத்தரிப்பையும் பல பெண்களுக்கு மீட்டுத்தந்தன. அக்ரோமெகலிக்கு 1980-களில் ஆக்ட்ரியோடைடு ஊசி வந்தது.

நோயோடு வாழ்தல்

இவ்வளவும் கிடைத்த பின்னும், சிகிச்சையின் பெரும்பகுதி ஆஸ்பத்திரிக்கு வெளியே, வீட்டில் நடைபெறுகின்றது. ஆரோக்கியமான சுரப்பி, காய்ச்சல் வந்தால் தானாகவே அட்ரினலைத் தூண்டும். அச்சுரப்பி அழிந்தவர்க்கோ, நாள்தோறும் இரண்டு மூன்று வேளையாக உண்ணும் ஹைட்ரோகார்ட்டிசோனைக் காய்ச்சற் காலத்தில் இரட்டிப்பாகவோ அதற்கு மேலாகவோ கூட்டும் பொறுப்பும், வாந்தியால் மாத்திரை தங்காதபோது தாமதமின்றி ஊசி போட்டுக்கொள்ளும் பொறுப்பும், தம் நிலையைக் கூறும் அட்டையை எப்போதும் உடன் வைத்திருக்கும் பொறுப்பும் நேர்கின்றன. உடல் நன்றாயிருக்கிறதென்று மருந்தைத் திடீரென நிறுத்துவது உயிராபத்தாகும். தைராய்டும் அட்ரினலும் ஒருங்கே குறைந்தவர்க்கு ஸ்டீராய்டை முதலில் கொடுத்த பின்னரே தைராக்சின் கொடுக்கவேண்டும் என்ற கிரமம் தவறினாலும் அவ்வாறே அபாயம் நேரும். ஆகவே, நோயாளிக்கும் அவருடைய குடும்பத்தார்க்கும் கற்பிப்பது, மருந்தளிப்பதற்கு ஈடான சிகிச்சையாகும்.

மற்றோர் இடையூறு, நோயை அறிவதில் நேரும் தாமதம். அக்ரோமெகலியில் மோதிரம் இறுகுவதும், செருப்பின் அளவு கூடுவதும், முகம் பருப்பதும் ஆண்டுக்கணக்கில் மெல்ல நிகழ்வதால், நாள்தோறும் பார்ப்பவர் கண்ணுக்கு அவை புலப்படுவதில்லை. பழைய புகைப்படங்களை வரிசையாக வைத்துப் பார்க்கும் வழக்கம் இதனால்தான் இன்றும் வைத்தியர்களிடம் இருக்கின்றது. ஷீஹன் விவரித்த ரோகம், பிரசவ உதவி சிறந்த தேசங்களில் அரிதாகிவிட்டபோதிலும், காஷ்மீரத்திலிருந்து வெளிவந்த ஆய்வுகள் காட்டுவதுபோல, இந்தியாவில் இன்னும் தொலையவில்லை. பிரசவத்தில் இரத்தப்பெருக்கு, பின் பால் சுரவாமை, மாதவிலக்கு திரும்பாமை, நீங்காத சோர்வு ஆகிய இந்நான்கும் சேர்ந்து வந்த தாயைச் சோம்பியவள் என்று வீட்டார் பழிக்கும்போது, அவள் ஆண்டுக்கணக்கில் அறியப்படாமலேயே கிடக்கின்றாள். அந்நான்கையும் குறித்து முறையாகக் கேட்டாலே போதும். சந்தேகம் எழும், இரத்தப் பரிசோதனை அதைத் தீர்க்கும், விலை மலிந்த மாத்திரைகள் அவளை எழுப்பும்.

ஆகவே இவ்வரலாற்றின் சாரம் இதுவாகும். ஷ்லோஃபர் முதல் ஹார்டி வரை வந்த கைத்திறனும், ஷீஹன் முதல் யாலோ வரை வந்த அறிவும் சேர்ந்து, ஒரு சிறு சுரப்பியின் மிகையையும் குறையையும் மனிதன் ஆளும் நிலையை உண்டாக்கிவிட்டன. இனி வேண்டுவது, அவ்வறிவு பிரசவ அறையையும், சிற்றூர் வைத்தியரையும், நோயாளியின் இல்லத்தையும் எட்டும்படி செய்தலே. அதைச் செய்யாத சமூகத்தில், இந்நூற்றாண்டின் மருந்துகள் கையில் இருந்தும், மக்கள் சென்ற நூற்றாண்டின் மரணத்தையே அடைவர்.