நெஞ்சில் கோத்த நீரைக் கண்டறிந்த கதை



நம் நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய சவ்வுகள் இருக்கின்றன. அவை உரசாமலிருக்க, இடையே சிறிதளவு நீர் எப்போதும் உண்டு. காசநோய், நிமோனியா, இருதய நோய், புற்றுநோய் முதலியவற்றால் அந்த நீர் அளவுக்கு மீறிச் சேர்ந்தால், நுரையீரல் விரிய இடமின்றி மூச்சு முட்டுகிறது. இதையே நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது என்கிறோம்.

கண்ணுக்குத் தெரியாத இந்த நீரை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான்?

சுமார் 2,400 ஆண்டுகளுக்கு முன், கிரேக்க நாட்டில் ஹிப்போகிரட்டீஸ் வழிவந்த மருத்துவர்கள் நோயாளியின் தோளைப் பிடித்துக் குலுக்கி, நெஞ்சில் காது வைத்துக் கேட்டார்கள். சீழ் கோத்திருந்தால் விலாவில் கீறி வடித்தார்கள். ஆனால் நீரோடு காற்றும் சேர்ந்திருந்தால்தான் சலசலப்புக் கேட்கும். ஆகவே பலருடைய நோய் தெரியாமலே போயிற்று.

ஆஸ்திரிய மருத்துவர் லியோபோல்ட் ஔவன்புருக்கர் ஒரு விடுதிக்காரரின் மகன். பீப்பாயைத் தட்டி, உள்ளே மது எவ்வளவு என்று அறியும் வழக்கமே அவருக்கு வழிகாட்டியது என்பார்கள். விரலால் நெஞ்சைத் தட்டினால், காற்றுள்ள இடம் கணீரென்று ஒலிக்கும். நீர் கோத்த இடம் மந்தமாக ஒலிக்கும். இதை 1761-இல் நூலாக வெளியிட்டார். பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை. 1808-இல் கோர்விசார் என்னும் மருத்துவர் அதைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்த பிறகே உலகம் கவனித்தது. மறு ஆண்டே ஔவன்புருக்கர் காலமானார்.

1816-இல் பாரிஸில் லென்னெக், காகிதத்தைக் குழல்போலச் சுருட்டி நெஞ்சொலியைக் கேட்டார். இன்று டாக்டர் கழுத்தில் தொங்கும் கருவி அப்படிப் பிறந்ததுதான். 1850-இல் அமெரிக்க மருத்துவர்கள் வைமனும் பௌடிச்சும் ஊசிக்குழலாலும் பம்பாலும் நீரை உறிஞ்சி எடுத்துக் காட்டினார்கள். 1895-இல் ரோண்ட்கன் எக்ஸ்ரே கதிரைக் கண்டுபிடித்தார்.

நெஞ்சில் ஊசி குத்தி நீர் எடுத்தால் ஆள் பிழைக்காது என்று நம்மவரில் சிலர் அஞ்சுவதுண்டு. நோய் முற்றிய பிறகு கொண்டுபோகப்பட்டவர் இறந்தால், பழி ஊசியின்மேல் விழுகிறது! நேரத்தோடு எடுத்தால் மூச்சு இலகுவாகும். எந்த நோயால் நீர் சேர்ந்தது என்பதும் அந்த நீரைச் சோதித்தால் பெரும்பாலும் தெரியவரும். அந்த நோய்க்கு மருந்து உண்ணாவிட்டால் நீர் மீண்டும் சேரக்கூடும். காசநோயென்றால் ஆறு மாதமாவது விடாமல் மருந்து உண்ண வேண்டும்.

ஆகவே இரண்டு வாரத்துக்கு மேல் இருமலோ, மூச்சு இழுக்கும்போது விலாவில் குத்தலோ, படுத்தால் மூச்சுத் திணறலோ இருந்தால், தைலம் தடவிக் காத்திராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்வோம்.