ஆபரேஷன் தியேட்டர் சுவருக்கு எந்த நிறம்: வெள்ளையா, பச்சையா?

தமிழ் சினிமாவில் ஆபரேஷன் தியேட்டர் கதவு திறந்தால் பச்சை உடையில்தான் டாக்டர் வெளியே வருவார். "ஸாரி" சொல்வதும் அந்தப் பச்சையில்தான்! ஆனால் 1900 வாக்கில் நவீன ஆஸ்பத்திரி என்றாலே சுவர், துணி, டாக்டர் கோட்டு எல்லாம் வெள்ளை.

வெள்ளை வந்த கதைக்குக் காரணம் கிருமி. காயத்தை கார்பாலிக் அமிலத்தால் சுத்தம் செய்யும் முறையை ஜோசப் லிஸ்டர் 1867-ல் வெளியிட்டார். அதற்கு முன்பு பழைய ரத்தக் கறை படிந்த கோட்டோடுதான் அறுவை (படிக்கவே கொஞ்சம் குமட்டும்). அமெரிக்க ஓவியர் தாமஸ் ஈக்கின்ஸ் 1875-ல் வரைந்த அறுவை சிகிச்சைப் படத்தில் டாக்டர்கள் கறுப்புக் கோட்டில் நிற்கிறார்கள். 1889-ல் வரைந்த இன்னொன்றில் எல்லோரும் வெள்ளையில்! சுவரும் அதே வழியில் போனது. வெள்ளையில் துளி அழுக்கும் தப்பாது என்பது வாதம்.

நியாயமான வாதம்தான். ஆனால் அந்த அறையில் வேலை செய்பவரின் கண்ணை யாரும் கேட்கவில்லையே...

பிரகாசமான விளக்கு வெள்ளைச் சுவரில் பட்டுத் திரும்பினால் கண் கூசும், கண்மணி சுருங்கும். அதே கண்ணோடு வயிற்றுக்குள் குனிந்து பார்த்தால் எல்லாம் இருட்டு. ரத்தக்குழாய் எது, நரம்பு எது என்று தெரியாவிட்டால் போவது ஒரு உயிர். இன்னொரு தொல்லையும் உண்டு. ஒரு சிவப்புத் தாளை அரை நிமிடம் உற்றுப் பார்த்துவிட்டு வெள்ளைச் சுவரைப் பாருங்கள். பச்சையாக ஒரு திட்டு மிதக்கும். மணிக்கணக்கில் ரத்தத்தையே பார்க்கும் டாக்டருக்கு நிமிர்ந்த இடமெல்லாம் இந்தத் திட்டுதான்.

சான் பிரான்சிஸ்கோவில் செயின்ட் லூக்ஸ் மருத்துவமனையின் ஹாரி ஷெர்மன் என்ற அறுவை சிகிச்சை நிபுணர், ரத்தச் சிவப்புக்கு நேர் எதிர் நிறம் எது என்று யோசித்து, தன் தியேட்டருக்குக் கீரைப் பச்சையைத் தேர்ந்தெடுத்தார். 1914-ல் அதைப் பற்றி மருத்துவ இதழில் கட்டுரையும் எழுதினார். பச்சைச் சுவர் கூசாது. பச்சைத் திட்டும் அதில் கரைந்துவிடும்.

அப்போது வெள்ளையின் வாதம்? பச்சையில் ரத்தக் கறை மங்கலான பழுப்பாகத்தான் தெரியும், உண்மை. ஆனால் வெள்ளை காட்டிக் கொடுப்பது அழுக்கைத்தான், கிருமியை அல்ல. கிருமியைக் கொல்ல நீராவியும் மருந்தும் வேண்டும். அவற்றுக்கு எந்த நிறமானாலும் ஒன்றுதான்.

சுவரில் தொடங்கிய பச்சை இருபதாம் நூற்றாண்டின் நடுவில் டாக்டரின் உடைக்கும், நோயாளி மேல் போர்த்தும் துணிக்கும் பரவியது. பிறகு நீலமும் கூடவே சேர்ந்துகொண்டது.