அம்பின் அலகும் கொல்லனின் முத்திரையும்

வில்லைப் பற்றி நம் இலக்கியங்கள் நிறையவே பேசியிருக்கின்றன. வில்லை வளைத்தவன் காவிய நாயகன் ஆகிறான். நாணொலியைக் கேட்டு உலகம் நடுங்குகிறது. வரலாற்று நூல்களும் இந்த வழக்கத்திலிருந்து பெரிதும் விலகுவதில்லை. எந்த நாட்டு வில் எவ்வளவு நீளம், எந்தப் போரில் எத்தனை வில்லாளர் நின்றனர் என்பவற்றையெல்லாம் விரிவாகச் சொல்லும். ஆனால் அம்பின் நுனியில் விரலளவே இருக்கும் அந்த இரும்புத் துண்டு, அதாவது அலகு, பெரும்பாலும் பேச்சுக்கு வருவதே இல்லை. வில்லாளன் எவ்வளவு வல்லவனாயினும், வில் எவ்வளவு வலியதாயினும், கடைசிக் கணத்தில் தோலையும் எலும்பையும் சந்திப்பது அலகுதான். அது வளைந்தாலோ முறிந்தாலோ அதற்கு முன் நிகழ்ந்த அத்தனையும் வீண். இந்த எளிய உண்மையை ஓர் அரசு சட்டமாகவே எழுதி வைத்த நிகழ்ச்சி ஒன்று உண்டு.

இங்கிலாந்தில் நான்காம் ஹென்றியின் ஏழாம் ஆட்சியாண்டில், அதாவது 1405-1406இல், அம்பலகு செய்யும் கொல்லர்களைக் குறித்து ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கொல்லர்கள் பழுதான அலகுகளைச் செய்து விற்கிறார்கள், இது மக்களை ஏமாற்றுவதாகும், நாட்டுக்கே ஆபத்தாகும் என்று சட்டம் குற்றம் சாட்டுகிறது. இனிச் செய்யப்படும் அலகுகள், வில்லுக்குரியவையாயினும் குறுக்குவில்லுக்குரியவையாயினும், நன்கு காய்ச்சப்பட்டோ பித்தளை கொண்டு பற்றவைக்கப்பட்டோ இருக்க வேண்டும். முனையில் எஃகு சேர்த்துக் கடினமாக்கப்பட்டிருக்க வேண்டும். மீறினால் சரக்கு முழுவதும் அரசனுக்குப் பறிமுதல். கொல்லனுக்குச் சிறையும் தண்டமும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வோர் அலகிலும் அதைச் செய்தவனின் முத்திரை பொறிக்கப்பட வேண்டும்.

இந்த முத்திரைதான் நாம் நின்று கவனிக்க வேண்டிய இடம். அம்பு எய்தபின் எய்தவனிடம் திரும்புவதில்லை. புதரில் விழுகிறது, சேற்றில் புதைகிறது, உடலுக்குள் தங்குகிறது. அது பழுதா இல்லையா என்பது, செய்தவனின் கண்ணுக்கும் விற்றவனின் கண்ணுக்கும் எட்டாத தொலைவில்தான் தெரியவரும். அத்தொலைவிலிருந்து குற்றத்தைக் கொல்லனின் பட்டறை வரை திருப்பிக் கொண்டுவர ஒரு வழி வேண்டும். அதற்காகவே இரும்பில் ஒரு பெயர்க்குறி கேட்டது சட்டம்.

கொல்லன் ஏன் ஏமாற்றினான்?

கொல்லர்கள் தீயவர்களாக இருந்தார்கள் என்று சொல்லிக் கடந்துவிடுவது எளிது. உண்மை உலைக்களத்தில்தான் இருக்கிறது. அக்காலத்து உலையில் கிடைத்தது பெரும்பாலும் கரிமம் மிகக் குறைந்த மெல்லிரும்பு. அதை அடித்து உருக்கொடுப்பது எளிது, விலையும் குறைவு. ஆனால் அது எலும்பில் பட்டால் முனை மழுங்கும், மடங்கும். எஃகு வேண்டுமானால் இரும்பைக் கரியோடு சேர்த்து நெடுநேரம் காய்ச்ச வேண்டும்; விறகும் கரியும் காலமும் செலவாகும். எஃகு கிடைத்தாலும் வேலை முடிவதில்லை. பழுக்கக் காய்ச்சி நீரில் தோய்த்தால் அது கடினமாகும்; கூடவே நொறுங்கும் தன்மையும் வந்துசேரும். மறுபடி இளஞ்சூட்டில் வாட்டிப் பதம் பார்க்க வேண்டும். பதம் ஒரு கணம் தவறினால் ஒன்று மடங்கும் அலகு, அல்லது உடையும் அலகு.

அந்நாளில் இங்கிலாந்தில் 24 அம்புகள் கொண்டது ஒரு கட்டு. போர்க்காலத்தில் அரசு ஆயிரக்கணக்கான கட்டுகளைக் கேட்கும். கேட்பது எண்ணிக்கை, கொடுப்பதும் எண்ணிக்கை. பதம் பார்க்கும் கணம்தான் அங்கே முதலில் பலியாகும். மேலும், நன்கு தேய்த்து மெருகேற்றப்பட்ட மெல்லிரும்பு அலகும் எஃகு சேர்த்த அலகும் வெறுங்கண்ணுக்கு ஒன்றுபோலவே தெரியும்.

சட்டம் பலித்ததா? ரோஜர் ஆஸ்கம் என்ற அறிஞர் 1545இல் வில்வித்தையைப் பற்றி ‘டாக்சாஃபிலஸ்’ என்ற நூலை எழுதி எட்டாம் ஹென்றிக்குக் காணிக்கையாக்கினார். பின்னாளில் முதலாம் எலிசபெத்துக்கு ஆசிரியராக இருந்தவர் இவர். இந்நூலில், நம் நாட்டு அலகு செய்வோர் முனைகளை இன்னும் கடினமாகச் செய்யக் கூடாதா என்று அவர் ஆதங்கப்படுகிறார். அதிகாரிகள் கண்டால் ஒப்புக்கொள்ள மாட்டாத அலகுகளை அண்மையில் தாமே பார்த்ததாகவும் சொல்கிறார். சட்டம் வந்து ஏறத்தாழ 140 ஆண்டுகள் கழிந்த பின்னும் அதே குறை.

அகன்ற அலகின் இக்கட்டு

போர் அம்பைவிட வேட்டை அம்பின் சிக்கல் கடினமானது. போர் அம்பு கவசத்தைத் துளைத்து ஒருவனைச் செயலற்றவனாக்கினால் அதன் பணி பெரும்பாலும் முடிந்தது. வேட்டை அம்பு அப்படியன்று. அது விலங்கின் குருதிக் குழாய்களை அறுத்தாக வேண்டும். அதற்கு அலகு அகன்றும் கூர்மையாகவும் இருக்க வேண்டும். அகன்ற அலகு கனத்தால் அம்பு தலைகவிழும். ஆகவே அதை மெல்லியதாகத் தட்ட வேண்டும். மெல்லியதாகத் தட்டினால் விலா எலும்பில் பட்டு மடங்கும். மடங்காமலிருக்கக் கடினமாக்கினால் முறியும். அகலம், கூர்மை, இலேசு, உறுதி ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பகை. வேட்டை அலகின் வரலாறு என்பதே இந்த நான்கையும் சமாதானப்படுத்த முயன்ற கொல்லர்களின் வரலாறுதான்.

ஆஸ்கம் இரண்டு வகை அகன்ற அலகுகளைக் குறிப்பிடுகிறார். ஒன்று, தகைவிலான் குருவியின் வாலைப் போல முட்கள் பின்னோக்கியது. மற்றொன்று, இரு கூர்கள் முன்னோக்கிய கவை வடிவம். இவற்றைவிடச் சிறிய, கனம் குறைந்த அலகே போருக்கு ஏற்றது, அதுவே விரைந்து செல்லும் என்பது அவர் முடிவு. கவை வடிவத்தின் உறவினன் நமக்கும் தெரிந்தவன்தான். நம் காவியங்களில் தலைகளைக் கொய்யும் பிறைமுக அம்பு அது. உரோமப் பேரரசன் கொம்மோடஸ் அரங்கத்தில் பிறை வடிவ அலகுகளால் தீக்கோழிகளின் கழுத்தை அறுத்தான் என்றும், தலையற்ற பறவைகள் சற்று நேரம் ஓடிக்கொண்டே இருந்தன என்றும் ஹெரோடியன் என்ற வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார்.

பிரெஞ்சுப் பிரபு காஸ்டன் ஃபேபஸ் 1387இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூலில், அடிபட்ட விலங்கின் குருதித் தடத்தை நாய்கொண்டு தொடரும் முறையும் இடம்பெறுகிறது. அம்பு பட்டதும் விலங்கு விழாது என்பதை அறிந்தவனே அப்படித் தொடரும் கலையை எழுதி வைப்பான்.

இதன் மறு எல்லையில் நிற்பவர் இஷி. கலிஃபோர்னியாவின் யாஹி குடியினரில் எஞ்சிய கடைசி மனிதரான அவர், 1911 ஆகஸ்டில் ஓரோவில் என்ற ஊரருகே தென்பட்டார். சான் பிரான்சிஸ்கோவிலிருந்த பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் தங்கி, 1916இல் காசநோயால் மறையும் வரை தம் குடியின் கலைகளைச் செய்துகாட்டினார். எரிமலைக் கண்ணாடிக் கல்லிலிருந்தும், வெள்ளையர் வீசியெறிந்த புட்டிக் கண்ணாடியிலிருந்தும் மான்கொம்பு முனையால் சில்லுச் சில்லாகப் பெயர்த்து அவர் அலகு செய்வதைக் காண மக்கள் கூடினர். அவருக்கு மருத்துவராகவும் நண்பராகவும் இருந்த சாக்ஸ்டன் போப், அவரிடம் வில்வித்தை கற்றுக்கொண்டார். கல் அலகையும் எஃகு அலகையும் ஒப்பிட்டுச் சோதித்த போப், தசையை அறுப்பதில் கல்லே மேல் என்று கண்டார். ஆனால் எலும்பில் பட்டால் கல் உடையும். கூர்மையின் உச்சியும் உறுதியின் அடிமட்டமும் ஒரே சில்லில் இருந்தன. அந்தச் சில்லை நம்பித்தான் ஒரு குடி தலைமுறை தலைமுறையாக உண்டு வாழ்ந்தது.

20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் அமெரிக்கத் தொழிற்சாலைகள் வேறொரு வழி கண்டன. சவர அலகு போன்ற மெல்லிய கத்திகளைத் தனியே செய்து அலகில் செருகினார்கள். மழுங்கினால் கழற்றி மாற்றலாம். பிறகு, பறக்கும்போது மடிந்திருந்து உடலில் பட்டதும் விரியும் அலகுகளும் வந்தன. கூர்மைக் குறை தீர்ந்தது. ஆனால் பொருத்துகள் பெருகப் பெருக முறியும் இடங்களும் பெருகின. 1980களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில் எட் ஆஷ்பி வேட்டை அம்புகளைக் கொண்டு நெடிய சோதனைகள் நடத்தினார். அம்பு ஆழமாகச் செல்வதற்கான காரணங்களை வரிசைப்படுத்தியபோது அவர் முதலிடம் கொடுத்தது வில்லின் வலிமைக்கோ வேகத்துக்கோ அன்று. அம்பு எப்பகுதியிலும் முறியாதிருத்தலுக்கே. நான்காம் ஹென்றியின் சட்டம் சொன்னதும் சாரத்தில் இதுதான்.

நம் பாடல்களில் முறிந்த முனை

இந்தப் பின்னணியோடு நம் சங்கப் பாடல்களை மறுபடி படித்தால் சில இடங்கள் புதிதாகத் திறக்கின்றன.

புறநானூற்று 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் வேட்டையைப் பாடுகிறார். ஓரி எய்த ஓர் அம்பு யானையை வீழ்த்தி, புலியைக் கடந்து, மானையும் பன்றியையும் உருவி, கடைசியில் புற்றில் கிடந்த உடும்பில் தைக்கிறது. மிகைதான். ஆனால் எல்லா மிகைக்கும் அடியில் ஓர் ஆசை இருக்கும். முதல் எலும்பிலேயே முனை மடங்கிப் போவதைப் பார்த்துச் சலித்த வேட்டுவச் சமூகத்தின் ஆசை, ஐந்து உடல்களைக் கடந்தும் முறியாத ஓர் அலகு.

ஔவையாரின் 95ஆம் பாட்டு இன்னும் கூர்மையானது. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலி சூட்டி நெய் பூசிக் காவல்மனையில் இருக்கின்றன. அதியமானுடையவையோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, எந்நேரமும் கொல்லனின் சிறுகொட்டிலில் கிடக்கின்றன. ஆங்கிலேயச் சட்டம் குற்றமாகக் கண்ட அதே முறிவை ஔவை புகழாகக் காண்கிறார். முரண் போலத் தோன்றினாலும் முரணில்லை. உழைத்துச் சிதைந்த முனையைத் திருத்த ஒரு கொல்லன் அருகிலேயே இருக்கிறான். யார் முனையை யார் வடித்தார் என்பது ஊருக்கே தெரியும். வேல் வடித்துக் கொடுப்பதைக் கொல்லனின் கடன் என்று பொன்முடியாரின் 312ஆம் பாடல் தாயின் கடனோடும் தந்தையின் கடனோடும் சேர்த்து எண்ணுகிறது. கடனாக உணரப்பட்ட இடத்தில் முத்திரைக்குத் தேவையில்லை. செய்தவனும் எய்தவனும் ஒருவரையொருவர் அறியாத சந்தை உருவாகும்போதுதான் முத்திரையும் சிறையும் வருகின்றன.

இனி அகப்பாடலுக்கு வருவோம். தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, தன் அம்பு பட்ட யானை இவ்வழி வந்ததா, மான் வந்ததா என்று தலைவியையும் தோழியையும் கேட்பது ஒரு மரபு. தொல்காப்பியம் களவியலில் ‘கெடுதி’ வினாவுதலைச் சொல்கிறது. திருக்கோவையாரில் வேழம் வினாதல், கலைமான் வினாதல் என்றே துறைகள் உள்ளன. வகுப்பில் இதை நடத்தும்போது மாணவர்கள் சிரிப்பார்கள். பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க இவன் கண்டுபிடித்த சாக்கு என்பதே நாமும் தரும் விளக்கம். சாக்குதான். ஆனால் கேட்பவர் நம்பக்கூடியதாக இருந்தால்தான் அது சாக்காகப் பயன்படும். அம்பு பட்ட விலங்கு விழாமல் ஓடிப்போவது குறிஞ்சி நிலத்தில் அன்றாட நிகழ்ச்சியாக இருந்திருக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் கபிலர் காட்டும் தலைவன் மதயானையின் முகத்தில் அம்பெய்கிறான். குருதி வடிகிறது, நெற்றி சிதைகிறது. யானை இறக்கவில்லை, புறங்காட்டி ஓடுகிறது. அதன் பிறகு காதல் தொடர்கிறது. யானை என்னவாயிற்று என்று பாட்டு சொல்வதில்லை.

வள்ளுவர் மட்டும் அதன் பக்கம் திரும்பிப் பார்க்கிறார். ஊக்கமுடைமை அதிகாரத்தில், உடலில் அம்புகள் புதைந்தும் தளராமல் நிற்கும் களிற்றை உரவோருக்கு உவமையாக்குகிறார். நாம் அதை மன உறுதிக்குச் சான்றாக மேடைகளில் சொல்லிப் பழகிவிட்டோம். அந்தக் குறளுக்குள் ஒரு யானையின் வலி இருக்கிறது என்பதை மறந்துவிடுகிறோம். கொல்லவும் முடியாத, வெளியே வரவும் முடியாத இரும்புத் துண்டுகளைச் சுமந்துகொண்டு அது நிற்கிறது.

பழுதான அலகின் முழு விலையையும் கொடுப்பது வாங்கியவனல்லன். அவன் இழப்பது ஓர் அம்பும் ஒரு வேளை உணவும். காட்டுக்குள் நாள் கணக்கில் நடந்து சாகும் விலங்குதான் மீதியைக் கொடுக்கிறது. எந்தச் சட்டத்திலும் அதற்கு முறையீடு இல்லை. பழுதான வேலையைச் செய்பவன் அதன் விளைவைக் கண்ணால் காண்பதில்லை என்பது அம்புக்கு மட்டும் உரிய உண்மையன்று. 600 ஆண்டுகளுக்கு முன் ஒரு நாடாளுமன்றம் விரலளவு இரும்பில் செய்தவனின் குறியைக் கேட்டதற்குப் பின்னால் இருந்த அறிவு இதுவே: கைவிட்டுப் போன பொருளும் செய்தவனுடையதே.